ஆரணியாற்றுத் தண்ணீரைத் தெளிய வைப்பது யார்?

நாகலாபுரம், சுருட்டப்பள்ளி, ஊத்துக்கோட்டை என்று ஆந்திர, தமிழக எல்லையின் இரண்டு பக்கமும் ஆரணியாற்றை ஒட்டி இருக்கிறவர்களிடம் பேசினால், தெலுங்கு வீடானாலும் தமிழ் வீடானாலும், ஒரு நம்பிக்கை தவறாமல் வரும். ஓடுற தண்ணியில அழுக்கு நிக்காது. அழுக்கு நிற்காது என்பது சரி. ஆனால் அது எங்கே போகிறது? இங்கிருந்து பெரியபாளையத்துக்கும், அங்கிருந்து பொன்னேரிக்கும், கடைசியில் பழவேற்காட்டு ஏரிக்கும் தள்ளிவிட்டால் அது சுத்தமாவது இல்லை, இடம் மாறுவது மட்டும்தான்.

ஆனாலும் ஆறு உண்மையிலேயே சுத்தமாகிறது. ஒரு ஊரின் கழிவு கலந்த இடத்திலிருந்து சில கிலோமீட்டர் கீழே போய்ப் பார்த்தால், நடுவில் வேறு எதுவும் கலக்காமல் இருந்தால், தண்ணீரின் நாற்றமும் நிறமும் குறைந்திருக்கும். அந்த வேலையைச் செய்வது ஓட்டம் அல்ல. தண்ணீரிலும், அதைவிட அதிகமாகத் தண்ணீருக்கு அடியிலும் வாழ்கிற உயிர்கள்தான் செய்கின்றன. ஓட்டம் அவற்றுக்குச் சாப்பாட்டையும் காற்றையும் கொண்டுபோய்க் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

எங்கள் பக்கம் இதைப் புரிந்துகொள்ள நல்ல வசதி ஒன்று இருக்கிறது. ஊத்துக்கோட்டைப் பகுதிக்கு இரண்டு தண்ணீர் வருகிறது. ஒன்று பிச்சாட்டூர் ஏரியைத் தாண்டி மணலில் வரும் ஆரணியாறு. இன்னொன்று ஆந்திராவின் கண்டலேறு அணையிலிருந்து பூண்டி ஏரிக்குப் போகும் கிருஷ்ணா கால்வாய், 1996-ல் முதன்முதலில் தண்ணீர் வந்தபோது அது தமிழகத்துக்குள் நுழையும் ஜீரோ பாயிண்டில் ஜனங்கள் திரண்டு பார்த்த அதே கால்வாய். கான்கிரீட் பூசிய கால்வாய் தண்ணீரை வேகமாகவும், மண்ணில் இழக்காமலும் கொண்டுசேர்க்கும், அதற்காகக் கட்டியதுதான். ஆனால் தண்ணீரைச் சுத்தம் செய்கிறவர்கள் குடியிருக்க அதில் இடம் குறைவு. சுவரிலும் தரையிலும் கொஞ்சம் பாசி படியும், அவ்வளவே. மணல் ஆற்றில் அப்படி இல்லை.

முதலில் அழுக்கு என்றால் என்ன என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் எல்லா அழுக்கும் ஒரே வழியில் போவதில்லை. மலம், உணவுக் கழிவு, அழுகிய இலை எல்லாம் கரிமப் பொருள், அதாவது யாருக்காவது சாப்பாடு. சிறுநீரிலும் உரத்திலும் இருக்கும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் செடிக்கும் பாசிக்கும் சாப்பாடு. நோய்க்கிருமிகூட இன்னொரு உயிருக்குச் சாப்பாடுதான். கலங்கலாக மிதக்கும் களிமண் சாப்பாடு இல்லை, ஆனால் சிப்பி மாதிரியான உயிர்கள் அதையும் சேர்த்து வடிகட்டும். குரோமியம், ஈயம் போன்ற உலோகங்களை யாராலும் தின்று தீர்க்க முடியாது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது.

மலையில் தொடங்கலாம். நாகலாபுரம் மலை ஓடைகளில் விழும் அழுக்கு பெரும்பாலும் இலை. ஒரு இலை தண்ணீரில் விழுந்த சில நாட்களில் அதன்மேல் நீர்வாழ் பூஞ்சைகள் குடியேறுகின்றன. இந்தப் பூஞ்சைகளின் வித்துகள் நான்கு கை நீட்டிய நட்சத்திரம் போலவோ வளைந்த நூல் போலவோ இருப்பதை 1942-ல் இங்கோல்ட் என்ற தாவரவியலாளர் விவரித்தார், ஓடைத் தண்ணீரில் எதிலாவது ஒட்டிக்கொள்ள அந்த வடிவம் வசதி. பூஞ்சை இலையை மென்மையாக்கிய பிறகுதான் பூச்சிப் புழுக்கள் வந்து கொறிக்கும், பூஞ்சை ஏறாத பச்சை இலையை அவை அவ்வளவாகத் தொடுவதில்லை. கொறித்ததில் சிந்தும் துகள்களை இன்னும் கீழே வேறு புழுக்கள் பிடிக்கின்றன. கல்லுக்குக் கீழே சிலந்தி மாதிரி வலை பின்னி, ஓட்டத்தில் வருவதை வடிகட்டித் தின்னும் புழு உண்டு. தலையில் விசிறி போன்ற முடிக்கற்றையை விரித்து அரிக்கும், கொசுவுக்கு உறவான ஒரு ஈயின் புழு உண்டு. கல்மேல் படிந்த பாசியைச் சுரண்டித் தின்ன நத்தை உண்டு. மேலே தின்று மீந்தது கீழே உள்ளவனுக்குச் சாப்பாடு என்று ஓடை முழுக்க இந்த ஏற்பாடு நடக்கிறது.

இதில் பலரும் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. இந்தப் புழுக்களில் பெரும்பாலானவை வளர்ந்ததும் இறக்கை முளைத்துத் தண்ணீரை விட்டே போய்விடுகின்றன. தட்டான், ஈசல் போல மாலையில் கூட்டமாகப் பறக்கும் நீர்ப்பூச்சிகள் எல்லாம் தங்கள் உடம்பில் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் சுமந்துகொண்டு கரைக்கு வருகின்றன, அவற்றைச் சிலந்தியும் தகைவிலானும் வௌவாலும் பிடித்துத் தின்கின்றன. அழுக்கு நிஜமாகவே ஆற்றை விட்டு வெளியேறுகிறது. சுத்தம் என்பதே கடைசியில் இதுதான், தண்ணீரில் கரைந்திருப்பதை உடம்பாக்கி, அந்த உடம்பைத் தண்ணீருக்கு வெளியே கொண்டுபோவது.

மலை இறங்கி மணலுக்கு வருவோம். நான் நிறையச் சொல்ல விரும்புவது இந்த மணலைப் பற்றித்தான்.

கோடையில் ஆரணியாறு வறண்டு கிடக்கும்போது மணலில் ஊற்றுத் தோண்டிக் குடித்தவர்கள் இந்தப் பக்கம் எல்லாத் தலைமுறையிலும் இருக்கிறார்கள். பத்தடி தள்ளி ஒரு குட்டையில் தண்ணீர் பச்சையாகத் தேங்கி நிற்கும், ஊற்றில் வருவது கண்ணாடியாக இருக்கும். மணல் சல்லடை போல வடிகட்டுகிறது என்று நினைப்போம். ஆனால் சாதாரண ஆற்று மணலின் இடுக்குகள் ஒரு பாக்டீரியாவைவிடப் பல மடங்கு பெரியவை, சல்லடைக் கணக்கில் பார்த்தால் கிருமியெல்லாம் தாராளமாக உள்ளே நுழைந்து வெளியே வந்துவிட வேண்டும். அப்படி வராமல் தடுப்பது ஒவ்வொரு மணல் துகள்மேலும் படிந்திருக்கும் வழவழப்பான படலம். பாக்டீரியாக்கள் தாங்களே சுரந்த பசையில் ஒட்டிக்கொண்டு, அடுக்கடுக்காக அதில் வாழ்கின்றன. தண்ணீர் கடந்து போகும்போது கரைந்த சத்தையும் நுண்துகளையும் அந்தப் பசை பிடித்துக்கொள்கிறது.

இதற்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று நீங்களே கணக்குப் போடலாம். அரை மில்லிமீட்டர் குறுக்களவுள்ள உருண்டை மணல் என்று வைத்துக்கொண்டு, நடுவில் நாற்பது சதவீதம் இடைவெளி விட்டால், ஒரு கன மீட்டர் மணலில் எல்லாத் துகள்களின் மேற்பரப்பையும் கூட்டினால் 7,200 சதுர மீட்டர் வருகிறது. அதாவது ஒன்றேமுக்கால் ஏக்கர். கட்டுமானத்தில் ஒரு யூனிட் என்று விற்கும் 100 கன அடி மணலில் இந்தப் பரப்பு ஐந்து ஏக்கர். ஆற்றில் இருந்து ஒரு யூனிட் அள்ளினால், கழிவைத் தின்னும் ஐந்து ஏக்கர் குடியிருப்பை லாரியில் ஏற்றி அனுப்புகிறோம் என்று அர்த்தம். மணல் கொள்ளையைப் பற்றிப் பேசும்போது நிலத்தடி நீர்மட்டம் இறங்குவதைச் சொல்கிறார்கள், பாலத்தின் தூண் வெளியே தெரிவதைச் சொல்கிறார்கள். தண்ணீரைச் சுத்தம் செய்கிற இடமே போவதை யாரும் சொல்வதில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மணலின் இந்த வேலையை நகரங்கள் நூறு, இருநூறு வருடமாகக் காசாக்கிக்கொண்டுதான் இருக்கின்றன. 1829-ல் லண்டனில் செல்சி குடிநீர் நிறுவனத்துக்காக ஜேம்ஸ் சிம்ப்சன் என்ற பொறியாளர் மெதுவான மணல் வடிகட்டியைக் கட்டினார். மணல் படுகை மேல் தண்ணீரை நிறுத்தி, மணிக்கு பத்து, இருபது சென்டிமீட்டர் என்ற அளவில் மெல்ல இறங்க விடுவது, அவ்வளவுதான் நுட்பம். அப்போது நோய்க்குக் கிருமி காரணம் என்பது நிரூபணமாகவில்லை, கலங்கல் போகிறது என்று மட்டும் பார்த்தார்கள். அதன் முழு மதிப்பு 1892-ல் தெரிந்தது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் காலரா வந்து 8,600 பேர் அளவுக்கு இறந்தார்கள், அங்கே எல்பே ஆற்றுத் தண்ணீரை வடிகட்டாமலே விநியோகித்து வந்தார்கள். அதை ஒட்டியே இருந்த அல்டோனா ஊர், ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த பிறகு அதே ஆற்றின் கீழ்ப்பகுதியில் தண்ணீர் எடுத்தது, ஆனால் மணலில் வடிகட்டிக் கொடுத்தது. அல்டோனா பெருமளவு தப்பியது. ஒரே தெருவின் இரண்டு பக்கத்தில் ஒரு பக்கம் சாவு, மறுபக்கம் ஒன்றுமில்லை என்று எல்லைக் கோடு வரை அந்த வித்தியாசம் தெரிந்தது.

சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 1914-ல் குடிநீர் நிலையம் தொடங்கியபோது அங்கேயும் மெதுவான மணல் வடிகட்டிகள்தான். இந்த வடிகட்டியில் ஒரு விசேஷம் என்னவென்றால், புது மணல் கொட்டிய உடனே அது சரியாக வேலை செய்யாது. மேலே ஒரு வழவழத் தோல் படிய வேண்டும், அதற்கு நாட்கள், குளிரில் வாரங்கள்கூட ஆகும். அந்தத் தோலில் பாசி, பாக்டீரியா, அவற்றைத் தின்னும் ஒருசெல் உயிர்கள், நுண்புழுக்கள் எல்லாம் சேர்ந்த பிறகுதான் கிருமி நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது போகிறது. ஆற்று மணலும் அப்படியே. வெள்ளம் வந்து புரட்டிப்போட்ட படுகை மறுபடி பழைய நிலைக்கு வரக் கொஞ்ச காலம் பிடிக்கும்.

கிருமியை யார் கொல்கிறார்கள் என்று தனியாகக் கேட்க வேண்டும். நம் குடலில் வாழும் பாக்டீரியா ஆற்றுக்கு வந்ததும் அதற்கு அது அந்நிய நாடு. சூடு போதாது, சாப்பாடு போதாது, மேலே வெயில். அப்புறம் அதைத் தின்பதற்கென்றே இருக்கும் ஒருசெல் உயிர்கள், ஒவ்வொன்றும் மணிக்கணக்கில் பாக்டீரியாவாக விழுங்கிக்கொண்டே போகும். இன்னொரு பக்கம் பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்கள். ஆக்ராவில் பணியாற்றிய எர்னஸ்ட் ஹான்கின், கங்கை, யமுனைத் தண்ணீரில் ஏதோ ஒன்று காலராக் கிருமியைக் கொல்கிறது என்றும், தண்ணீரைக் கொதிக்க வைத்தால் அந்தச் சக்தி போய்விடுகிறது என்றும் 1896-ல் எழுதினார். 1917-ல் ஃபெலிக்ஸ் டெரெல் இத்தகைய வைரஸ்களுக்கு பாக்டீரியோபேஜ் என்று பெயர் வைத்தார். இதைக் கங்கைக்கு மட்டும் உள்ள மகிமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. பாக்டீரியா இருக்கும் எல்லா நீரிலும் இவை உண்டு, பிச்சாட்டூர் ஏரியிலும் உண்டு, வீட்டுச் சாக்கடையில் இன்னும் அதிகம். கடல்நீரில் ஒரு மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய ஒரு கோடி வைரஸ்கள் இருக்கும் என்றும், கடல் பாக்டீரியாவில் ஐந்தில் ஒரு பங்கை தினமும் அவை அழிக்கின்றன என்றும் மதிப்பிட்டிருக்கிறார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு ஊற்றுத் தண்ணீரை அப்படியே குடிக்கலாம் என்று யாரும் முடிவு செய்ய வேண்டாம். கிருமி குறைவது வேறு, இல்லாமல் போவது வேறு. காய்ச்சிக் குடியுங்கள்.

அடுத்து நைட்ரஜன். இது கொஞ்சம் சுற்றிப் போகும் கதை, ஆனால் எல்லாவற்றிலும் அழகானது. கழிவு அழுகும்போது அம்மோனியா வருகிறது, மீனுக்கு அது விஷம். ஒரு வகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட் ஆக்குகிறது, இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குகிறது. 1890 வாக்கில் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானி இவற்றைப் பிரித்துக் காட்டினார். இரண்டு வேலையையும் ஒரே பாக்டீரியா முடிப்பதும் உண்டு என்று 2015-ல்தான் தெரிந்தது. இந்த வேலைக்கு ஆக்சிஜன் ஏராளமாக வேண்டும், ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு நாலரை கிராம் ஆக்சிஜன். இத்தனைக்குப் பிறகும் நைட்ரஜன் தண்ணீரிலேயேதான் இருக்கிறது, வடிவம் மாறியிருக்கிறது. அதை வெளியேற்றுவது ஆக்சிஜனே இல்லாத இடத்தில் வாழும் வேறு பாக்டீரியாக்கள். சுவாசிக்க ஆக்சிஜன் கிடைக்காததால் அவை நைட்ரேட்டில் இருக்கும் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்கின்றன, மிஞ்சும் நைட்ரஜன் வாயுவாகிக் காற்றில் கலந்துவிடுகிறது.

ஆக, இந்த வேலை முடிய ஆக்சிஜன் உள்ள இடமும் இல்லாத இடமும் பக்கத்துப் பக்கத்தில் வேண்டும். சேறு அதைத்தான் தருகிறது. மேலே ஒரு சில மில்லிமீட்டர் பழுப்பாக, காற்றோட்டத்தோடு இருக்கும், அதற்குக் கீழே கறுப்பு. நண்டும் மண்புழு இனங்களும் வளை தோண்டி அந்தக் கறுப்புச் சேற்றுக்குள் புதிய தண்ணீரை இழுத்து விடும்போது, ஒவ்வொரு வளையின் சுவரிலும் இப்படி ஓர் எல்லை உருவாகிறது. கோரை, சம்பு, நாணல் போன்ற செடிகளின் வேரும் இதே உதவியைச் செய்கிறது, தண்டு வழியாக இறங்கும் ஆக்சிஜன் வேர் நுனியில் கசிந்து சேற்றுக்குள் சின்னச் சின்னத் தீவுகளை உண்டாக்குகிறது. ஜெர்மனியில் கேத்தே சைடல் என்ற பெண் விஞ்ஞானி 1950-களில் கோரை வகைகளை வைத்து இதைச் சோதித்து, சாக்கடையைச் செடிப் படுகையில் விட்டுச் சுத்தம் செய்யும் முறைக்கு வழி போட்டார். ஏரி வாயில் சம்பு மண்டிக் கிடந்தால் புதர் என்று ஜேசிபி வைத்து ஒட்ட வழிக்கிறார்கள். தண்ணீர் நுழையும் இடத்தில் ஒரு பட்டையையாவது விட்டு வைக்க வேண்டும் என்பேன்.

ஆகாயத்தாமரை வேறு விஷயம். அதுவும் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் வெறிகொண்டு உறிஞ்சும், ஒன்றிரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும். ஆனால் அள்ளி வெளியே போடாவிட்டால் அங்கேயே செத்து, உறிஞ்சியது அத்தனையையும் திருப்பிக் கொடுத்துவிடும், நடுவில் தண்ணீருக்கு வெயிலும் காற்றும் படாமல் மூடியும் வைக்கும். வளர்ப்பதானால் அறுவடை செய்ய வேண்டும்.

ஏரிகளில் இன்னொரு ஆள் இருக்கிறார், கண்ணுக்குச் சற்றே தெரியும் டாப்னியா என்ற நீர்ப்பூச்சி. பச்சைப் பாசியை அரித்துத் தின்பது அதன் வேலை. அமெரிக்காவின் வாஷிங்டன் ஏரியில் 1963 முதல் 1968 வரை படிப்படியாகச் சாக்கடையை வேறு பக்கம் திருப்பினார்கள், ஏரி தெளிந்தது. பிறகு 1976-ல் டாப்னியா பெருகியபோது அதைவிட இன்னும் நன்றாகத் தெளிந்தது. நம் ஏரிகளில் சின்ன மீன்களை அளவில்லாமல் விட்டால் அவை இந்தப் பூச்சியைத் தின்று தீர்த்துவிடும், தண்ணீர் பச்சையாகும். மீன் விட்டால் ஏரி சுத்தமாகும் என்பது எப்போதும் சரியில்லை, எந்த மீன், எவ்வளவு என்பதைப் பொறுத்தது.

சரி, இவ்வளவு பேர் வேலை செய்யும்போது ஆறு ஏன் நாறுகிறது? ஆக்சிஜன் கணக்கால்தான். முப்பது டிகிரி சூட்டில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் அதிகபட்சம் ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரையும். வீட்டுச் சாக்கடை ஒரு லிட்டரில் இருக்கும் கரிமப் பொருளைத் தின்று முடிக்க பாக்டீரியாவுக்கு 200 முதல் 300 மில்லிகிராம் வேண்டும். மீன் பிழைக்க நான்கு மில்லிகிராமாவது தண்ணீரில் மிச்சம் வைக்க வேண்டும் என்றால் லிட்டருக்கு மூன்றரைதான் செலவழிக்கலாம். வகுத்துப் பாருங்கள், ஒரு குடம் சாக்கடைக்கு எழுபது குடம் நல்ல தண்ணீர் வருகிறது. காற்றிலிருந்தும் ஆக்சிஜன் கரைந்துகொண்டே இருக்கும், கல்லில் மோதி ஓடினால் சீக்கிரம் கரையும், அதனால் நிஜத்தில் இவ்வளவு தேவைப்படாமல் போகலாம். தண்ணீர் ஓடுவதற்கு உண்மையான பெருமை இங்கேதான். 1925-ல் ஒஹாயோ ஆற்றை ஆராய்ந்த ஸ்ட்ரீட்டரும் ஃபெல்ப்ஸும் ஆக்சிஜன் செலவாகும் வேகத்துக்கும் காற்றிலிருந்து கரையும் வேகத்துக்கும் உள்ள போட்டியைச் சமன்பாடாக எழுதினார்கள். கழிவு விழுந்த இடத்துக்குக் கீழே ஆக்சிஜன் சரிந்து, ஒரு பள்ளத்தைத் தொட்டு, மறுபடி ஏறும். பள்ளம் பூஜ்யத்தைத் தொட்டுவிட்டால் ஆக்சிஜன் இல்லாமல் வாழும் வேறு பாக்டீரியாக் கூட்டம் வந்துவிடும், அழுகிய முட்டை நாற்றம் அவர்களுடையது.

ஆரணியாற்றின் துயரம் இந்தக் கணக்கில் அப்படியே தெரிகிறது. பிச்சாட்டூர் ஏரி திறந்தால் ஊத்துக்கோட்டைத் தரைப்பாலம் மூழ்கும் அளவுக்கு வடகிழக்குப் பருவத்தில் வெள்ளம் வரும், அந்தச் சில வாரம் எழுபது குடம் என்ன, எழுநூறு குடமே இருக்கும். மாசி, பங்குனிக்கு அப்புறம் ஆற்றில் மேலே ஓடுவது பல இடங்களில் ஊர்களின் கழிவு மட்டும்தான். ஒரு குடத்துக்கு ஒரு குடம்கூட நல்ல தண்ணீர் இல்லை. பாக்டீரியா திறமை இழந்துவிடவில்லை, அதற்கு மூச்சுவிட வழியில்லை. அதனால் வருடம் முழுக்கத் தண்ணீர் ஓடும் ஆறுகளுக்குப் போட்ட கணக்கை வைத்துக்கொண்டு, இவ்வளவு கழிவு விடலாம் என்று நம் ஆற்றுக்கு யாரும் அனுமதி கொடுப்பது தப்பு.

தடா, சூளூர்ப்பேட்டைப் பக்கம் வனாமி இறால் வளர்க்கிறவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். ராத்திரியில் பாசியும் சேர்ந்து ஆக்சிஜனை இழுக்கும், விடியற்காலையில் டிஓ, அதாவது தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன், அடிமட்டத்துக்குப் போகும், அதனால்தான் ராத்திரி முழுக்கக் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் ஓடுகிறது. குளத்தில் கொட்டும் புரோபயாடிக் என்ற நல்ல பாக்டீரியாக் கலவையும் ஆற்று மணலில் இலவசமாக இருக்கும் பாக்டீரியா வகைகளின் உறவுக்காரர்கள்தான். ஆனால் இந்தக் குளங்களின் சத்து மிகுந்த தண்ணீரும் சேறும் அப்படியே ஏரிக்குப் போனால் என்னவாகும்? எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், சிலிகா ஏரியிலிருந்தும் பழவேற்காடு ஏரியிலிருந்தும் ஆயிரம் மீட்டருக்குள் இறால் பண்ணை கூடாது என்று சொன்னது அதனால்தான்.

பழவேற்காடு ஏரியில் சுத்தம் செய்யும் வேலை வேறு கைகளுக்கு மாறுகிறது. பெரும்பகுதி ஆந்திராவிலும் தென்கோடி தமிழ்நாட்டிலும் இருக்கும் இந்த உப்பங்கழிக்குச் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான், ஆகவே அடியில் இருக்கும் ஒவ்வொரு உயிரும் மேலே உள்ள தண்ணீர் முழுவதையும் எட்டித் தொட முடிகிறது. சிப்பி இனங்களான ஆளியும் மட்டியும் தண்ணீரை உள்ளிழுத்து, செவுளில் வடிகட்டி, தின்னக்கூடியதைத் தின்று, மண்ணையும் மற்றதையும் சளியில் உருட்டி வெளியே தள்ளுகின்றன. அந்த உருண்டைகள் கனம் கூடி அடியில் படிகின்றன, கலங்கல் போகிறது, அடியில் உள்ள நைட்ரஜன் பாக்டீரியாக்களுக்குச் சாப்பாடும் போய்ச் சேர்கிறது.

அமெரிக்காவின் செசபீக் வளைகுடாவில் வளரும் ஓர் ஆளி, எல்லாம் சாதகமாக இருந்தால் ஒரு நாளில் 190 லிட்டர் வரை வடிகட்டும். 1870-க்கு முன்பு அங்கிருந்த ஆளிகள் வளைகுடாத் தண்ணீர் முழுவதையும் மூன்று முதல் ஆறு நாளில் ஒரு முறை வடிகட்டியிருக்கும் என்றும், அளவில்லாமல் அள்ளிய பிறகு மிஞ்சியிருப்பவற்றுக்கு அதே வேலைக்கு ஏறத்தாழ ஒரு வருடம் ஆகும் என்றும் 1988-ல் ரோஜர் நியூவெல் கணக்கிட்டார். நம் பக்கத்து ஆளி வேறு இனம், உப்பு ஏறி இறங்கும் அளவும் வேறு, அந்த எண்ணை இங்கே அப்படியே ஒட்ட முடியாது. ஆனால் ஆளிப் படுகையை வெறும் கிளிஞ்சலாகவும் சுண்ணாம்பாகவும் பார்த்து அள்ளினால் எதை இழப்போம் என்பதற்கு அது போதுமான எச்சரிக்கை. ஆளிக்குஞ்சு ஒட்டிக்கொள்ளப் பழைய ஓடுதான் வேண்டும், ஓட்டை அள்ளிவிட்டால் அடுத்த தலைமுறைக்கு இடமில்லை.

இதெல்லாம் நடக்க முகத்துவாரம் திறந்திருக்க வேண்டும். மணல் சேர்ந்து அது அடைபட்டால் கடல்நீர் வந்து போவது குறைந்து, கோடையில் ஏரியின் உப்பு கடலையும் மிஞ்சிவிடுகிறது, ஆளியும் மட்டியும் சாகின்றன. மீனவர்கள் முகத்துவாரத்தைத் தூர்வாரச் சொல்லிப் போராடும்போது படகு போக வழி கேட்கிறார்கள் என்றுதான் செய்தி வருகிறது. ஏரி மூச்சுவிடவும் அதே வழிதான்.

இந்த உயிர்களால் முடியாததையும் சொல்லியாக வேண்டும். ராணிப்பேட்டை, வாணியம்பாடி வழியாக ஓடும் பாலாறும் ஆந்திராவின் குப்பம் பக்கமாக வருவதுதான், தோல் பதனிடும் கழிவால் அது பட்ட பாடு 1996-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போனது. குரோமியத்தில் மோசமான வடிவத்தைச் சில பாக்டீரியாக்கள் அவ்வளவு மோசமில்லாத வடிவமாக மாற்றும், ஆனால் குரோமியம் அங்கேயேதான் கிடக்கும். ஆளியும் மட்டியும் உலோகத்தை வடிகட்டித் தங்கள் சதையிலேயே சேர்த்து வைக்கும், தண்ணீர் தெளிவாகும், சாப்பிடுகிறவர் உடம்புக்குப் போகும். பாஸ்பரஸ் வாயுவாகிப் பறக்காது, சேற்றில் கட்டுண்டு கிடக்கும், அடியில் ஆக்சிஜன் தீர்ந்தால் மறுபடி கரைந்து வரும்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் தருவது வேலைக்காரர்களையே கொல்லும் கழிவு. ஹைதராபாத் அருகே பட்டன்செருவில் மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவைச் சுத்திகரித்து வெளியேற்றிய நீரில், சிப்ரோஃபிளாக்சசின் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை இருந்ததை 2007-ல் ஸ்வீடன் ஆய்வாளர் யோக்கிம் லார்சன் குழு வெளியிட்டது. அந்த மாத்திரை போட்ட மனிதரின் ரத்தத்தில் இருப்பதைவிட அதிகம். அப்படிப்பட்ட தண்ணீரில் எந்த மணலும் எந்தச் சேறும் வேலை செய்யாது, பிழைத்து மிஞ்சுவது மருந்துக்கு அடங்காத கிருமிகள்.

உங்கள் ஊர் அருகே ஆறு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க லேப் தேவையில்லை. சுருட்டப்பள்ளி மாதிரி கல்லும் ஓட்டமும் உள்ள இடத்தில், முழங்கால் தண்ணீரில் இறங்கி, உள்ளங்கை அளவுக் கல்லைப் புரட்டி அடிப்பக்கத்தைப் பாருங்கள். மூன்று வால் முடியோடு தட்டையாக ஓடும் பூச்சியும், சிறு கற்களை ஒட்டிக் கூடு கட்டிய புழுவும் இருந்தால் ஆக்சிஜன் நன்றாக இருக்கிறது, மேலே சொன்ன கூட்டம் முழுதாக வேலை செய்கிறது. ரத்தச் சிவப்பில் நெளியும் புழு மட்டும் இருந்தால் ஆக்சிஜன் அடிக்கடி தீர்ந்துபோகிறது, அந்தப் புழுவுக்கு நம் ரத்தத்தில் உள்ளது போன்ற ஹீமோகுளோபின் இருப்பதால்தான் அங்கே அது மட்டும் பிழைக்கிறது. எதுவுமே இல்லையென்றால் மேலே யார் என்ன கலக்கிறார்கள் என்று தேட வேண்டும். தை மாதம் பார்ப்பது நல்லது. வெள்ளத்தை ஒட்டிப் பார்த்தால் பூச்சிகள் அடித்துக்கொண்டு போயிருக்கும், ஒன்றும் தெரியாது. பார்த்த பிறகு கல்லை இருந்தபடியே திருப்பி வைத்துவிடுங்கள்.